நாளைக்கு வரேன்னு சொன்னவள்

திருவண்ணாமலை
18-12-1985

அன்புள்ள மகள் கஸ்தூரிக்கு அம்மா எழுதுவது. இங்கே மழை விட்டுவிட்டது. அமெரிக்காவில் குளிர் ஜாஸ்தினு எழுதியிருந்தே, காதைக் கட்டிக்கோ. இதுவரைக்கும் உங்கப்பா எழுதுவார், நான் அடியில் கையெழுத்து மட்டும் போடுவேன். இப்ப நானே எழுதறேன். அஞ்சாவது படிச்ச எழுத்து, நிதானமாப் படி.

அப்பா போய் நாற்பத்தாறு நாள் ஆகுது. பதினாறாம் நாள் காரியத்தை உன் அத்தை வெள்ளையம்மாள்தான் முன்னால நின்னு செஞ்சா. அவ மார்ல அடிச்சுக்கிட்டு அழுதா. எனக்கு அழுகை வரலை. இப்பவும் வரலை. செங்கம் ரோடு லாட்ஜுக்குப் போறேன், ரூமெல்லாம் பெருக்கறேன், வரேன். மலைமேல தீபம் ஏத்தினாங்க. பார்த்தேன். நம்ம வீட்ல இந்த வருஷம் அகல் வைக்கக் கூடாது. வைக்கலை.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. ரெண்டு தடவை படிச்சேன். படிப்பு வேணாம், திரும்பி வந்துடறேன்னு எழுதியிருக்கே. ஜூலிகூடப் பேச்சை விட்டுட்டேன், மூணு வாரமா பள்ளிக்கூடத்துப் படிக்கட்டுல தனியா உட்கார்ந்துதான் சாப்பிடறேன்னும் எழுதியிருக்கே.

அந்த ஜூலியைப் பத்தி உனக்கு ஒண்ணு தெரியாது. ரெண்டு மாசமா யாரும் பேசலைன்னு நீ எழுதினப்பல்லாம் அப்பா சரியா சாப்பிட மாட்டார். அப்புறம் ஜூலின்னு ஒருத்தி பஸ்ல பக்கத்துல வந்து உட்கார்ந்தா, அவளுக்கு அஞ்சாங்கல் ஆடச் சொல்லித் தந்தேன்னு எழுதினியே, அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வெச்சுக்கிட்டுத் திரிஞ்சார். பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர் வேலை, கேட்கவா வேணும். வர்ற கண்டக்டர், போற கண்டக்டர் எல்லார்கிட்டேயும், என் பொண்ணுக்கு அமெரிக்காவுல சிநேகிதி கிடைச்சுட்டானு சொல்லியிருக்கார். துக்கத்துக்கு வந்த பெங்களூர் பஸ் கண்டக்டர் ராமன்கூட, ஜூலி நல்லாயிருக்காளானு என்னைக் கேட்டார். இருக்கானு சொன்னேன்.

தந்தி கிடைச்ச மறுநாள் அந்தப் பொண்ணு உன்னைத் தேடி வந்திருக்கா. அவ அம்மா செஞ்ச கேக்கைக் கொண்டாந்து, ஒரு மணி நேரம் உன் கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. கிளம்பும்போது நாளைக்கு வரேன்னு சொன்னாளாம். எழவு கேட்க வந்தவ அப்படிச் சொல்லலாமான்னு நீ கத்தி அனுப்பிட்டே.

தப்பு என்னுதுதான். நம்ம தெருக் காசியம்மாள் வீட்ல சாவு விழுந்தப்ப உனக்கு ஆறு வயசு. வாசல்ல நின்னுக்கிட்டு, போய்ட்டு வரேன்னு எல்லார்கிட்டேயும் சொன்னே. சபையில மானம் போச்சுன்னு உன் தொடையில கிள்ளினேன். எழவு வீட்ல வரேன்னு சொன்னா இன்னொரு எழவுக்கு வர்ற மாதிரி ஆயிடும், சொல்லாம எழுந்து போகணும்னு சொன்னேன். உனக்கு மறக்கலை.

நம்ம வீட்லயும் எல்லாரும் வந்தாங்க. உட்கார்ந்தாங்க. சொல்லாம எழுந்து போனாங்க. முறைப்படிதான் போனாங்க. லாட்ஜுல மாடி ரூம்ல இருந்த வெள்ளைக்காரம்மா மட்டும், அம்மா நாளைக்கு வரேன்னு தமிழ்லயே சொல்லிட்டுப் போனாங்க. இன்னொரு பாடை கட்டட்டும்னு வரேங்கறாளானு உன் அத்தை தெருவே கேட்கக் கத்தினா. மறுநாள் அந்தம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தோட வந்துட்டாங்க. என் பக்கத்துல கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாங்க. அப்புறம் அவங்க ஊருக்குப் போயிட்டாங்க. பதினாறாம் நாளுக்கு அப்புறம் நம்ம வீட்டுக்கு யாரும் வரலை. அத்தையும்தான். யாரையும் குத்தம் சொல்லலை, அவங்கவங்களுக்கு வேலை இருக்கு.

ராத்திரி சாப்பிடறியான்னு கேட்டிருந்தே. சாப்பிடறேன்.

நீ வந்தா எனக்கு நல்லதுதான். அதுக்காக வந்துடாதே. ஒரு வருஷம் இலவசமாப் படிக்க அங்கே இடம் கிடைச்சப்ப, உன்னை அனுப்பணும்னு அப்பா பாஸ்போர்ட்டுக்கு எத்தனை தடவை மெட்ராஸுக்கு அலைஞ்சார்னு உனக்கே தெரியும். ஜூன் மாசம் வரைக்கும் இருந்து முடிச்சுட்டு வா.

கேக் கொண்டாந்த தட்டு இன்னும் உன்கிட்டதான் இருக்குனு எழுதியிருக்கே. எப்படிக் கேட்கறதுனு அவளும் விட்டிருப்பா. அதை எடுத்துக்கிட்டு நீயே அவ வீட்டுக்குப் போ. வெறும் தட்டாக் கொடுக்காதே, ஒரு பிடி சர்க்கரையாவது வெச்சுக் கொடு. எங்க ஊர் வழக்கம் தெரியாமதான் நாளைக்கு வரேன்னு சொன்னே, அதுல உன் குத்தம் இல்லைனு அவகிட்ட சொல்லு. வாசல்ல நின்னு கொடுத்துட்டு ஓடி வந்துடாதே. உள்ளே போய்க் கொஞ்ச நேரம் உட்காரு. அவ அம்மா தலையைத் தடவினா தடவட்டும். ஏதாவது சாப்பிடச் சொன்னா வேணாம்னு சொல்லாதே, சாப்பிடு.

அண்ணாமலையார் உனக்குத் துணை இருப்பார்.

இப்படிக்கு
உன் அம்மா
இரா. உண்ணாமலை