எண்ணெய் மண்டிச் சுவரில் நின்ற முருகையன்

மயிலாப்பூர்
2-7-1945

அருமை மகள் ஜஹீதாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம், பம்பாய் மழையில் நீயும் மாப்பிள்ளையும் இருமல் காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று சேதி வந்தால் இங்கே சோறு இன்னும் ருசியாக இறங்கும். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை, மாடிப்படி ஏறச் சொன்னால் மட்டும் உடனே திரும்பி வந்துவிடுகிறது.

நம் தெருமுனை எண்ணெய் மண்டிச் சுவர் உனக்கு நினைவிருக்கும், குழாயடிப் பக்கம். நீ போன பிறகு போர்டு எழுதும் சேட்டு அந்தச் சுவர் முழுக்கக் கடலும் கட்டுமரமுமாக வரைந்தான். கரையில் துடுப்போடு ஆள் உயரத்துக்கு ஒருவன் நிற்பான். அது அவனுடைய கூட்டாளி முருகையன், போன வருஷம் விஷக்காய்ச்சலில் போனானே, அவனேதான், முகம் அப்படியே. அவன் பெண்டாட்டி வேலம்மா தினம் அங்கேதான் தண்ணீர் பிடிக்கிறாள். இப்போது மண்டிக்காரர் சுவரைச் சோப்பு விளம்பரத்துக்கு விட்டுவிட்டார், வெள்ளிக்கிழமை சுண்ணாம்பு அடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அவள் குடத்தோடு நம் ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டாள். "பாய், அவரு ஒரு தபாகூட போட்டோ புட்ச்சிக்கல. செவுத்துல கீற மூஞ்சியாவது எனக்கு ஓணும்" என்றாள். யுத்தத்தால் போட்டோ பிளேட் கிடைப்பதே குதிரைக்கொம்பு, கையில் நல்லதாக ஒன்றுதான் இருந்தது. இருக்கட்டும் என்று சரி சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை வெயில் சுவரில் விழும்போது காமிராவைத் தூக்கிக்கொண்டு போனால், குழாயடிப் பெண்கள் எல்லாரும் தலைவாரிப் பூ வைத்து வரிசையாக நிற்கிறார்கள்! சிரித்துக் கெஞ்சி ஒதுக்கினேன், ஒரு ஆடு மட்டும் நகரமாட்டேன் என்றது. நான் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தபோது உன் அம்மா பின்னாலிருந்து, "வெறுஞ்சுவத்த எடுத்து என்னங்க செய்ய, அவளயும் பக்கத்துல நிக்கச் சொல்லுங்க" என்றாள். வேலம்மா கூசிக்கொண்டு, இடுப்புக் குடத்தைக்கூட இறக்காமல் நின்றாள். அப்படியே எடுத்தேன்.

கழுவிப் பார்த்ததும் நானே அசந்துபோனேன். சுவரில் கண்ணைப் பறித்த நீலம் மஞ்சள் எல்லாம் படத்தில் சாம்பலாகிவிட்டதா, அவள் புடவையும் அவன் வேட்டியும் ஒரே சாயலாகி, புருஷனும் பெண்டாட்டியும் கடற்கரையில் சேர்ந்து நிற்கிற மாதிரியே இருந்தது, காலடியில் ஆடு வேறு. சேட்டு, "என் நீலம் எங்க பாய்?" என்று சண்டைக்கு வந்தான். வேலம்மா படத்தை வாங்கி வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "கண்ணாலத்தன்னிக்குக்கூட இந்தாளு இம்மாம் நேரம் என் பக்கத்துல நின்னதில்ல பாய்" என்று சிரித்தாள், சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. வெள்ளிக்கிழமை சுண்ணாம்பு அடித்தார்கள். அவள் பாட்டுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அம்மா தகர டப்பாவில் அனுப்பியிருக்கும் எலுமிச்சை ஊறுகாய் வந்ததும் அதிலேயே விடாமல் ஜாடிக்கு மாற்று. நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், நேரமில்லை என்று அவர் சொன்னால் விடாதே. உங்கள் இருவரையும் அல்லாஹ் குறைவில்லாமல் வைத்திருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறோம்.

உன் அன்பு அத்தா,
மெஹபூப் அலி