நடைபாதையில் இட்ட முட்டைகள்

நவம்பர் 14, வெள்ளி

சாயங்காலம் படகு இறக்கும் சரிவு வழியாக ஒரு ஆமை குளத்திலிருந்து ஏறி வந்தது. முன்பு அங்கே மண்கரை இருந்தது. ஆமைகள் அதில்தான் குழி தோண்டி முட்டையிடும். இப்போது சுற்றிலும் நடைபாதை, முழுக்க சிமென்ட் இன்டர்லாக் கட்டை. நடக்க வருகிறவர்களின் செருப்பில் மண் படக்கூடாதாம். ஆமை பின்னங்கால்களால் கட்டையைத் தோண்டிக்கொண்டே இருந்தது. நகம் உரசும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அந்தக் கட்டைகளைக் கூலிக்குப் பதித்தது அப்பாதான். கம்பிப்பாரையோடு ஓடி வந்தார்.

"மெம்பரே, நாலு கட்டய இளக்கினா போரும். முட்ட இட்ட உடனே நானே திரும்ப வச்சுத் தாறேன்."

"நாளைக்குத் திறப்புவிழா ஆக்கும். பொதுமுதல்ல, சர்க்கார் சொத்துல கை வச்சா கேசு வரும்" என்றார் விழா ஏற்பாட்டைப் பார்க்க வந்திருந்த வார்டு மெம்பர்.

போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒருவன் சிரித்தான். "எலே, ஆமையும் வாக்கிங் வந்திருக்கு!"

அப்பா பாரையைக் கீழே வைத்தார். அடுத்த வேலையும் மெம்பர் சொன்னால்தான் கிடைக்கும்.

ஆமை கட்டையின் மேலேயே முட்டையிட்டது. இரண்டு உடைந்தன. பிறகு இல்லாத மண்ணைக் கால்களால் இழுத்து இழுத்து மூடியது. மூடிவிட்ட நம்பிக்கையில் தண்ணீருக்குத் திரும்பியது.

மிச்ச முட்டைகளைத் துண்டில் எடுத்துவந்து வீட்டு வாழைமூட்டில் குழி தோண்டி வைத்தேன். அப்பா பக்கத்தில் குந்தியிருந்தார்.

"பொரிச்சா எங்க கொண்டு விடுவ மக்கா?"

அந்தக் குளத்தை விட்டால் எங்களுக்கு வேறு குளம் இல்லை. மண்ணைத் தள்ளி மூடினேன்.