தரையில் பரப்பிய பாத்திரங்கள்

பங்குனி, 2005. செவ்வாய் இரவு.

இன்றும் பாத்திர ஸ்டாண்டிலிருந்து சாமான்கள் தானாக விழுந்தன. பூனையுமில்லை, எலியுமில்லை. நானும் வீட்டுக்காரரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சோற்றுக் குண்டான் விளிம்புவரை நகர்ந்து வந்து கீழே குதித்தது.

கீழ்புத்துப்பட்டிலிருந்து வந்த பூசாரி, "நாலு மூலையிலயும் உப்பு போட்டு வைம்மா, எதுவும் அண்டாது" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. பகலெல்லாம் உப்பளத்தில் உப்பு வாருகிறேன். வீட்டுக்குள் நுழைந்தால் புடவை ஓரத்திலிருந்தே ஒரு பிடி உதிர்கிறது. உப்புக்குப் பயப்படுகிற பேய் மரக்காணத்துக்கு எதற்கு வருகிறது?

சாயங்காலம் வீட்டுக்காரர் பையைத் தூக்கிக்கொண்டார். "இந்த வீடு வேணாம் மல்லிகா. அனுமந்தைக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிடலாம், நீயும் வா."

"நீங்க போங்க. ஒரு குண்டானுக்குப் பயந்து நான் வீட்ட வுட மாட்டேன்."

மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

நான் ஸ்டாண்டைக் காலி செய்து, பாத்திரம் எல்லாவற்றையும் தரையில் பரப்பினேன். "இனிமே எங்கேர்ந்து தள்ளுவ, தள்ளு பாக்கலாம்" என்று வாய்விட்டே சொன்னேன். சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

தண்ணீர் குடிக்க இப்போதுதான் எழுந்தேன். தரையில் எல்லாம் வைத்தபடியே இருக்கிறது. என் டீ டம்ளர் மட்டும் ஸ்டாண்டின் மேல்தட்டில் நிற்கிறது.

எழுத்து கோணலாக வருகிறது. ஆனால் டம்ளரை நான் இறக்கப்போவதில்லை. அங்கேயே இருக்கட்டும். விடிந்ததும் அதில்தான் டீ குடித்துவிட்டு வேலைக்குப் போவேன்.