விசில் ராக்கெட்டும் கடைசிப் புள்ளியும்

என்றும் என் அன்புக்குரிய அத்தானுக்கு,

நீங்கள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. அக்கா வேளைக்குச் சாப்பிடுகிறாள். நானும் சாப்பிடுகிறேன். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இதை எழுதுகிறேன்.

தீபாவளி லோடு எல்லாம் போய்விட்டது. பட்டாசுக் கம்பெனிகளுக்கு லீவு விட்டாகிவிட்டது. பூப்பந்துப் போட்டிக்காக நீங்கள் பிடித்துவைத்திருந்த நாட்கள் இவைதான். இருபது ஓவர் கிரிக்கெட் பார்க்கிற ஊரில், ஐந்து பேர் கம்பளிப் பந்தை அடிக்கும் ஆட்டத்துக்கு யார் வருவார்கள் என்று கேட்டேன். நாரணாபுரத்தில் போர்மேன் வேலை முடிந்த கையோடு, வேனுக்கு நிற்கிற பெண்களிடம் பேசிப் பேசி ஆறு அணி சேர்த்தீர்கள். நடுவராக மட்டும் ஒருவரும் வரவில்லை. திட்டு வாங்க யார் வருவார்? சூலக்கரை கலெக்டர் ஆபீசில் கோப்பு பார்த்து ஓய்வு பெற்ற என்னைப் பிடித்தீர்கள். விதிகளை நான் மூன்று முறை கையால் எழுதிப் படித்தேன்.

சென்ற ஆண்டு இறுதி ஆட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் நாரணாபுரம் அணியும் ஏழாயிரம்பண்ணை அணியும் சமமாக இருந்தன. கடைசிப் புள்ளிக்குப் பந்து மேலே இருந்தபோது கூட்டத்தில் எவனோ விசில் ராக்கெட் விட்டான். ஏழாயிரம்பண்ணைப் பெண்கள் அதை என் விசில் என்று நினைத்து மட்டையை இறக்கிவிட்டார்கள். பந்து அவர்கள் பக்கம் விழுந்தது.

“சார், விசில் சத்தம் கேட்டுச்சுல்ல?” என்று அவர்கள் தலைவி செல்வி ஓடிவந்தாள்.

“ஏலே, நடுவருக்குக் காது அவுட்டுலே!” என்று கூட்டம் சிரித்தது.

கேட்டது என்றால் விதிப்படி அந்தப் புள்ளியை மறுபடி ஆடவிட வேண்டும். நாரணாபுரத்துக் கூட்டம் கயிற்றைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. எனக்கு எதுவும் கேட்கவில்லை என்றேன். புள்ளியும் கோப்பையும் உங்கள் அணிக்குப் போயின.

“மாப்ளே, நெசமாவே கேக்கலையா?” என்று பஸ்ஸில் கேட்டீர்கள். இல்லை என்றேன். “அப்பஞ் சரி. நீ பொய் சொல்ல மாட்ட.” அதற்கு மேல் நீங்கள் கேட்கவில்லை. அடுத்த மாதம் நீங்களும் இல்லை.

ஏழாயிரம்பண்ணை அணி அதோடு கலைந்தது. அதைப் பார்த்து மற்றவையும் விலகின. இப்போது மிச்சம் இரண்டு. போன வாரம் செல்வியைப் பார்க்கப் போனேன்.

“வாங்க சார். டீ குடிக்கீகளா?” என்றாள். டீயைக் கொடுத்துவிட்டுத்தான் பேசினாள். “அம்புட்டுப் பேருக்கும் கேட்டுச்சு. ஒங்களுக்கு மட்டும் கேக்கலையாக்கும்? தோக்கது பெரிசில்ல சார். எங்களப் பொய்க்காரிகளாக்கிட்டீகளே. எந்த மொகத்தோட மறுபடி மட்டையத் தூக்க?”

டீயைக் குடித்து முடித்தேன். வரேம்மா என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

அத்தான், எனக்குக் கேட்டது. தெளிவாகவே கேட்டது. நீங்கள் இருந்திருந்தால் இதைச் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏழாயிரம்பண்ணைக்கு மறுபடி போகிறேன். அந்த ஐந்து பேரையும் வைத்துக்கொண்டு சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு அவர்கள் ஆட வருவார்களா என்பது அவர்கள் விருப்பம். அங்கிருந்து நாரணாபுரம் போய், உங்கள் அணியிடமும் சொல்வேன். அங்கே உங்கள் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள மாட்டேன்.

நீங்கள் நம்பிய மைத்துனன்,
சுந்தரராசன்