மூன்றாம் ஏரியில் சோறு வேகவில்லை

காலை 6.40. முதல் ஏரி

செவ்வாய்க் கிரகம், காற்றை அடைத்துக் கூரையிட்ட பள்ளத்தாக்கு. இதைக் கண்டெடுப்பவருக்கு: என் பெயர் சடகோபன். வயது எழுபத்தொன்று. பனி, காற்றின் போக்கெல்லாம் நானாகப் படித்துக் கற்றவை. இரவு கரையில் கூடாரம். நீரின் ஓரம் மெல்லிய பனி. இன்று தனியாக மூன்றாம் ஏரிவரை நடை.

போன வருடம் புயல் வருகிறது என்று பொய் சொல்லி என்னைப் பாதியில் இறக்கினார்கள். என் நுரையீரல் தாங்காதாம். பொய் சொன்னவள் என் தம்பி மகள் நப்பின்னை, காவல் சாவடியில் வேலை. சாவடி கொடுத்த காற்றழுத்தமானியை இந்த முறை கொண்டுவரவில்லை. அது அவர்கள் சொல்வதைத்தான் காட்டும்.

காலை 10.15. இரண்டாம் ஏரி

காது அடைக்கிறது. ஏற்றம். வானொலியில் நப்பின்னை.

"பெரியப்பா, கூரையில விரிசல். காத்து போய்க்கிட்டே இருக்கு. உடனே இறங்குங்க."

"அப்போ புயல், இப்போ விரிசலா? அடுத்த வருஷம் புலி வருதுன்னு சொல்லு."

"சத்தியமா பெரியப்பா."

"அன்னிக்கும் இதே சத்தியம்தான் பண்ணினே."

அணைத்துவிட்டேன்.

மதியம் 1.30. மூன்றாம் ஏரி

வந்துவிட்டேன். கூடாரம் போட்டாயிற்று. நீர் கரும்பச்சை, அசைவே இல்லை. தலைவலி. பானை தளதளவென்று கொதிக்கிறது, அரிசி கல்லாகவே கிடக்கிறது. கடைக்காரன் மட்டமான அரிசியைத் தலையில் கட்டிவிட்டான்.

மாலை 4.05

அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த காபியை அப்படியே வாயில் ஊற்றிக்கொண்டேன். நாக்கு சுடவில்லை.

காற்று குறைந்தால் நீர் சூடேறும் முன்பே கொதித்துவிடும். நானே கற்ற பாடம். அரிசியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

உயிர்வளிக் குப்பியைத் திறந்தேன். சிறிய குப்பி. எழுந்து நடந்தேன். விழுந்தேன். மறுபடியும் விழுந்தேன்.

மாலை 5.10

வானொலியைப் போட்டேன். சாவடியிலிருந்து இடும்பன்.

"ஐயா, நப்பின்னை முகமூடி ரெண்டு தூக்கிக்கிட்டு உங்களைத் தேடிக் கிளம்பிட்டா. சொல்லச் சொல்லக் கேக்கல. உங்க குடும்பமே இப்படித்தானா?"

"அவளைத் திருப்பிக் கூப்பிடுய்யா."

"வானொலியை வச்சுட்டுப் போயிட்டா. ரெண்டாம் ஏரியில திரும்பினா சாவடி வந்து சேர முகமூடிக் காத்து போதும். அதைத் தாண்டினா..."



மாலை 5.50

இருட்டுகிறது. கீழே இரண்டாம் ஏரிக்கரையில் ஒரு வெளிச்சம். அவள்தான். திரும்பிப் போ என்று கத்தினேன். மூச்சுதான் வந்தது, குரல் இல்லை.

என் கூடார விளக்கைப் பார்த்துத்தான் வருகிறாள்.

அணைத்துவிட்டேன். இருட்டில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். ஆள் போய்விட்டான் என்று நினைத்துத் திரும்பிவிடுவாள்.

நிற்கிறாள்.

நிற்கிறாள். திரும்பு. சொன்னால் கேள். ஒரே ஒரு தடவை

வெளிச்சம் நகர்கிறது

இந்தப் பக்கம்