510511-ம் உன் மீசையும்

மாமு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இந்த வயதிலும் வகுத்தல் கணக்கென்றால், லுங்கி மடிப்புக்குள் கையை ஒளித்துக்கொண்டு விரல் விட்டுத்தான் எண்ணுகிறேன். இன்றைக்கும் அப்படித்தான். துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள், நான் ஓட்டுகிறதும் சேர்த்து, எண்ணூர் ரோட்டில் நேற்றிலிருந்து நகரவில்லை. டீசல் புகையோடு கருவாட்டு வாசனை வந்தது. பின்னாலேயே நீ வந்துவிட்டாய்.

இப்படி ஒரு வரிசையில்தானே அந்த எண்ணைப் பெற்றெடுத்தாய். எதற்கும் வகுபடாத எண்களாகப் பொறுக்கினாய்: இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதிமூன்று, பதினேழு. எல்லாவற்றையும் பெருக்கி, ஒன்றைக் கூட்டினாய். முன்வண்டிக் கதவின் தூசியில் 510511 என்று எழுதிவிட்டு, தலைப்பிள்ளை பெற்றவன் போல நின்றாய்.

“இந்த ஏழு நம்பர்ல எத்தப் போட்டு வகுத்தாலும் ஒண்ணு மிஞ்சும் மாமு. அப்பால எவன் இத்த உடைப்பான்?”

“உன் மாமியா மாதிரின்னு சொல்லு. யாராண்டயும் ஒத்துப்போவாது.”

உனக்குச் சுருக்கென்றது. உடைத்துக் காட்டினால் மீசையை எடுத்துவிடுவதாகச் சொன்னாய். எண்ணெய் போட்டு வளர்த்த மீசை. நான் விடுவேனா? நாலைப் போட்டேன், ஆறைப் போட்டேன். இரண்டே உள்ளே போகாதபோது நாலு எப்படிடா போகும் என்று சிரித்தாய். செல்போனில் தட்டலாமென்றால், மிஷின் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றாய். நம் இருவருக்கும் வாய்ப்பாடு பதினாறோடு சரி. நீ பதினேழு வரை போனதே பெரிசு என்று நானும் விட்டுவிட்டேன். அப்புறம் மஞ்சள் காமாலை வந்தது. மீசையோடு போய்விட்டாய்.

இன்றைக்கு, வண்டி நகராத கடுப்பில், பத்தொன்பதைப் போட்டேன். கடைசியில் நூற்றி எழுபத்தொன்று நின்றது. ஒன்பது தடவை. மிச்சம் பூஜ்ஜியம். உன் வரிசையில் பதினேழுக்கு அடுத்த வீடு மாமு! எட்டிப் பார்த்திருந்தால் அன்றைக்கே உன்னை மழித்திருப்பேன். இப்போது யாரிடம் போய்ச் சொல்ல? என் பெண்டாட்டிக்குப் போன் போட்டேன். “சரி, அதுக்கு இன்னா இப்போ? துன்னியா?” என்றாள். உன் வீட்டுச் சுவரில் மீசையோடு சிரித்துக்கொண்டிருக்கிறாய். ஜெயித்தவன் நான், வயிற்றெரிச்சலும் எனக்கே.

உன் ஏழு எண்ணும் உள்ளே போகாது என்ற மட்டில் நீ சொன்னது சரிதான். அதை ஒத்துக்கொள்கிறேன். எந்தக் கன்டெய்னர் எண்ணைப் பார்த்தாலும் உடைத்துப் பார்க்கிற வியாதியை என் தலையில் கட்டிவிட்டுப் போனதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

நம்பிக்கை வராமல், முன்வண்டியின் தூசியில் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். பாதிக் கணக்கில் அந்த வண்டி கிளம்பிவிட்டது. விரலை நீட்டியபடி ரோட்டில் நின்றேன். பின்னால் நின்ற மூன்று டிரெய்லர்கள் என் வண்டியைத் தாண்டிப் போயின. கணக்கு துறைமுகத்துக்குள் போய்விட்டது. நான் எண்ணூரில் இருக்கிறேன்.