இணைச்சீர் படம்

சூலூர்,
14.3.1996

மாமாவுக்கு,

நீங்கள் அனுப்பிய கவர் சனிக்கிழமை வந்தது. அமெரிக்காவை விட்டு உங்களை வெளியேற்றாமல் இருக்க, குடியுரிமை உள்ள அந்தப் பெண்ணோடு நடந்த கல்யாணம் நிஜம் என்று ஜட்ஜ் நம்ப வேண்டும். அதற்கு நம் விவாகரத்தும் நிஜம்தான் என்று நான் சத்தியம் செய்து எழுதித்தர வேண்டும். புரிந்தது.

"பேப்பருக்குத்தான் அம்மணி, கிரீன் கார்டு வந்ததும் உன்னையக் கூட்டிக்கிறேன்" என்று போனில் சொன்னீர்கள். அதை நம்பித்தான் கோயமுத்தூர் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டேன்.

உங்கள் வக்கீல் அமெரிக்கக் கோர்ட்டில் கொடுத்த அந்தக் கல்யாணப் படமும் கவரில் இருந்தது. தெரிந்து வைத்தீர்களா, தெரியாமல் வந்ததா? மாலையும் மேளமும் ஜட்ஜுக்காக என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் அக்கா கூறைச்சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு, உங்கள் பக்கத்தில் இணைச்சீருக்கு உட்கார்ந்திருக்கிறார். தை மாதம் "காசிக்குப் போயிட்டு வாரேன் கண்ணு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனவர். திரும்பி வந்து, கங்கைத் தீர்த்தம் என்று ஒரு சொம்பும் கொடுத்தார்.

அமெரிக்க ஜட்ஜுக்கு இணைச்சீர் என்றால் தெரியுமா, மாமா? மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் அந்தச் சீருக்கு உட்காராமல் கல்யாணம் நிறையாது என்பது நம் சனத்துக்குத்தானே தெரியும்? அப்படியானால் அது யாருக்காக?

பொய்ச் சத்தியம் ஆகிவிடுமே என்றுதான், நீங்கள் போனில் கேட்டதிலிருந்து தயங்கினேன். இன்று காலை நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பத்திரம் இத்துடன் இருக்கிறது. அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை.

இப்படிக்கு,
பத்திரத்தில் 'முன்னாள் மனைவி' என்று இருப்பவள்